மணலில் பிடுங்காத தார்ப்பாய்: பாலைவன நடைப்பயணத்துக்கு வீட்டிலேயே தைப்பது எப்படி

நல்ல கூடாரம் வைத்திருப்பவர்களுக்கும் பாலைவனத்தில் ஒரு தார்ப்பாய் தேவைப்படும். காலை 10 மணிக்கு மேல் மூடிய கூடாரத்துக்குள் உட்கார முடியாது, வெந்துபோவோம். அங்கே வேண்டியது நாலு பக்கமும் காற்று ஓடும் ஒரு நிழல். கடையில் விற்கும் எடை குறைந்த தார்ப்பாய்களின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். சாதாரண தையல் மெஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும், அதில் ஒரு பகுதிச் செலவில் நாமே தைத்துவிடலாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ, கொலராடோவின் கிரேட் சாண்ட் டியூன்ஸ் இரண்டு தேசியப் பூங்காக்களுக்கும் நான் தூக்கிப் போவது இப்படித் தைத்ததைத்தான்.

தைப்பதைவிட மணலில் அதை நிற்க வைப்பதுதான் பெரிய வேலை. அதனால் கீழே தையலை வேகமாகச் சொல்லிவிட்டு, மணலில் கட்டும் பகுதியில் நிதானமாகப் போகிறேன். பாபினில் நூல் சுற்றுவது, மெஷினுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

துணி

சிலிகான் பூசிய ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்த) பாலியெஸ்டர் வாங்குங்கள். கடைக்காரர்கள் 'சில்பாலி' என்பார்கள். அதேபோல் சிலிகான் பூசிய நைலானான 'சில்நைலான்' கிழியாமல் தாங்குவதில் கொஞ்சம் மேல். ஆனால் நைலான் ஈரம் பட்டால் தொய்யும், வெயிலிலும் சீக்கிரம் நைந்துபோகும். நாள் முழுக்க வெயிலில் கிடக்கப்போகும் துணிக்கு என் ஓட்டு பாலியெஸ்டருக்குத்தான். டைனீமா (மிக உறுதியான செயற்கை இழை) துணி இன்னும் எடை குறைவு, ஆனால் முதல் முயற்சியில் கத்தரி வைக்கிற விலை இல்லை அது.

60 அங்குல அகலத்தில் 8 கஜம் வாங்கினால் ஏறக்குறைய 10 அடிக்கு 10 அடி வரும், இருவர் தாராளமாகப் படுக்கலாம். கயிறு எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பாலைவன நடையில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 1 காலன், அதாவது 3.8 லிட்டர் தண்ணீர் தூக்க வேண்டும். ஜோஷுவா ட்ரீயில் பூங்காவின் ஓரங்களில் சில இடங்களைத் தவிர உள்ளே எங்கும் குடிநீர் கிடையாது. இரண்டு நாளுக்குத் தண்ணீர் மட்டுமே ஏழரைக் கிலோ. அதனால்தான் மற்ற எல்லாவற்றிலும் கிராம் கணக்குப் பார்க்கிறோம்.

நூல் பாலியெஸ்டர்தான், பருத்தி நூல் கூடாது. புதிதாக ஒரு 80 எண் ஊசி மாட்டுங்கள், தையல் நீளம் 3 மில்லிமீட்டர். குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், துணியைச் சேர்த்துப் பிடிக்க கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டித் தைப்பது

10 அடி நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். மீதியைத் தூக்கிப் போட வேண்டாம், மணல் பைகளுக்கு அதுதான் துணி. விளிம்பை வில் போல் வளைத்து வெட்டினால் சுருக்கம் விழாது என்று பல இடங்களில் படிப்பீர்கள். உண்மைதான். ஆனாலும் முதல் தார்ப்பாய்க்கு நேராகவே வெட்டுங்கள், இந்தத் துணி மேஜையில் வழுக்குகிற வழுக்கலில் நேர்கோடு வெட்டுவதே சாதனை.

நடு இணைப்புக்கு ஜீன்ஸ் காலின் பக்கவாட்டில் இருக்குமே, அந்த மடிப்புத் தையல். ஒரு துண்டின் மேல் இன்னொன்றை வையுங்கள், அடித்துண்டு அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த நீட்டலை மேல்துண்டின் விளிம்பு மேல் மடித்து ஒரு தையல். பிறகு துணியை விரித்து, அந்த மடிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெட்டு விளிம்பு உள்ளே மறையும்படி இரண்டாவது தையல். பத்து அடி நீளத்துக்குத் துணி நழுவிக்கொண்டே இருக்கும். பின்பக்கமும் ஒரு கையால் லேசாக இழுத்துப் பிடித்தால் சுருங்காமல் போகும்.

சுற்று விளிம்பை அரை அங்குலம் வீதம் இரண்டு முறை மடித்துத் தையுங்கள். கயிறு கட்டும் காதுகளுக்கு முக்கால் அங்குல நாடா. நாலு மூலைக்கு 4, நடுத்தையலின் இரு முனைக்கு 2, தரையைப் பார்த்து இறங்கும் இரண்டு விளிம்புகளிலும் மும்மூன்று, மொத்தம் 12. காது வரும் இடத்திலெல்லாம் உள்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு அடுக்குத் துணி வைத்து, நாடாவின் மேல் முன்னும் பின்னுமாக நெருக்கமாக ஓட்டுங்கள். காற்றில் கிழிவது துணியின் நடுவில் இல்லை, இந்தக் காதுகளில்தான்.

கடைசியாக நடுத்தையலுக்குச் சிலிகான். சிலிகான் பூசிய துணியில் வேறு எதுவும் ஒட்டாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 100% சிலிகான் பசையை மினரல் ஸ்பிரிட்ஸில் (பெயின்ட் கரைக்கும் திரவம்) கரைத்து, தூரிகையில் ஓடும் பதத்துக்கு வந்ததும் தடவி, ஒரு நாள் காயவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாலைவனத்துக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கிரேட் சாண்ட் டியூன்ஸில் கோடை மதியங்களில் இடியோடு மழை கொட்டும். இடி கேட்டால் மேட்டை விட்டு இறங்கிவிட வேண்டும், தார்ப்பாய் மின்னலுக்குக் காவல் இல்லை.

மணல் பை

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். மணல்மேட்டில் சாதாரண முளை அடித்தால் ஒரு விரலால் பிடுங்கலாம். நீள முளை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மணலில் இழுவிசையைத் தாங்க அகலமான ஏதோ ஒன்று மணலுக்கு அடியில் கிடக்க வேண்டும்.

மீதித் துணியில் 14 அங்குலச் சதுரங்களாக வெட்டி, விளிம்பு மடித்து, நாலு மூலையிலும் நாடாக் காது தையுங்கள். ஒரு கயிற்றை நாலு காதிலும் கோத்து ஒன்றாக இழுத்தால் சதுரம் பையாகக் குவியும். அந்தக் கயிற்றின் மறுமுனையில் ஒரு வளையம் முடிந்து, பையிலிருந்து வளையம் வரை இரண்டு முழம் இருக்கும்படி விடுங்கள். இப்படி எட்டுப் பைகள். எட்டும் சேர்ந்து கைக்குள் அடங்கும்.

அங்கே போனதும் முக்கால் முழ ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். கிரேட் சாண்ட் டியூன்ஸில் மேல்மணல் எவ்வளவு காய்ந்திருந்தாலும் கொஞ்சம் தோண்டினால் ஈரமணல் வரும், அந்த ஈரம் தெரியும் வரை போனால் பிடிப்பு பிரமாதம். பையில் மணல் நிரப்பிக் குழிக்குள் வையுங்கள். இங்கே நிறுத்துங்கள், உடனே மூடிவிட வேண்டாம்.

பையிலிருந்து கயிறு நேராக மேலே வந்தால், காற்று இழுக்கும்போது பை மேல்நோக்கித்தான் இழுபடும், மேலே கிடக்கும் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். சரி, கயிற்றைத் தார்ப்பாய் பக்கம் சாய்த்துவிட்டு மூடினால்? மேலே பார்க்க விறைப்பாக இருக்கும். ஆனால் மண்ணுக்குள் கயிறு ஒரு முழங்கை போல் மடங்கி நிற்கும். ராத்திரி காற்று உலுக்க உலுக்க, அது மணலை அறுத்துக்கொண்டு நேராகும். அறுத்த அளவுக்குக் கயிறு தொய்யும். விடிவதற்குள் கூரை முகத்தில் வந்து படுக்கும். ஆட்கள் பை சரியில்லை என்று திட்டுவது இதனால்தான், பை இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

தீர்வு எளிது. குழியிலிருந்து தார்ப்பாயை நோக்கி, கையை வெட்டுக்கத்தி மாதிரி செலுத்தி, ஒரு சாய்வான கீறல் போடுங்கள். பையில் ஆரம்பித்து மேலே வரும் வரை கயிறு அந்தக் கீறலில் ஒரே நேர்கோட்டில் கிடக்க வேண்டும். சாய்வு 45 டிகிரிக்கு மேல் போகாமல், படுத்தால் படுத்த மட்டும் நல்லது. பை குழியின் தார்ப்பாய் பக்கச் சுவரில் ஒட்டி இருக்கட்டும். அந்தப் பக்க மணலை நீங்கள் கலைக்கவில்லை, தாங்குவது அதுதான். பிறகு மூடி, ஏறி நின்று மிதித்து, கயிறு போகும் திசையிலேயே உடம்பெடை கொடுத்து இழுத்துப் பாருங்கள். இப்போதே கொஞ்சம் நகர்ந்தால் நல்லதுதான், ராத்திரி நகராது.

வளையம் மணலுக்கு மேலே தெரிய வேண்டும். தார்ப்பாயின் கயிற்றை அந்த வளையத்தில் கோத்து, டாட்லைன் ஹிட்ச் (taut-line hitch) என்ற, நகர்த்தி இறுக்கக்கூடிய முடிச்சுப் போடுங்கள். அப்போதுதான் நடுராத்திரி இழுத்துக் கட்ட மறுபடி குழி தோண்டாமல் இருக்கலாம். மெல்லிய டைனீமா கயிற்றில் இந்த முடிச்சு வழுக்கும், ஒரு சுற்று கூடப் போடுங்கள், அல்லது என்னைப் போல 2 மில்லிமீட்டர் நைலான் பின்னல் கயிற்றுக்கு வந்துவிடுங்கள். காலையில் வளையத்தைப் பிடித்து நேராக மேலே தூக்கினால் பை சுலபமாக வந்துவிடும். எட்டையும் எண்ணி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கம்பத்துக்கு நடைக்கோல் போதும். அதன் கூர்முனை மணலில் இறங்கிக்கொண்டே போகும், அடியில் ஒரு ஊறுகாய் பாட்டில் மூடியைக் கொடுங்கள். காற்று வரும் பக்கத்தை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, எதிர்ப்பக்கத்தை உயர்த்திக் கட்டுங்கள்.

ஜோஷுவா ட்ரீயில் வேறு கணக்கு

அங்கே தரை பெரும்பாலும் கருங்கல் சரளை. முளை பாதியில் வளையும், குழியும் தோண்ட முடியாது. கயிற்று நுனியை ஒரு சின்னக் கல்லில் சுற்றிக் கட்டுங்கள். அதற்கு முன்னால், தார்ப்பாய் பக்கமாக, ஒரு பெரிய கல். கயிறு பெரிய கல்லின் அடியோரமாக வர வேண்டும். இழுக்க இழுக்கச் சின்னக் கல் பெரிய கல்லில் போய் முட்டி நிற்கும். அந்தக் கருங்கல் சொரசொரப்பில் கயிறு அறுபடும், உரசும் இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைக் கோத்துவிடுங்கள். கிளம்பும்போது கற்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஜோஷுவா மரத்தில் கயிறு கட்டலாமா என்ற யோசனையே வேண்டாம். பார்க்க மரம் போல இருந்தாலும் அது யுக்கா இனம், பூங்காவும் செடிகொடிகளில் எதையும் கட்ட அனுமதிப்பதில்லை. அதேபோல, வறண்ட ஓடையின் மெத்தென்ற மணல் ஆசை காட்டும். தூரத்து மலையில் பெய்த மழை அந்த வழியாகத்தான் வரும், மேடான இடமாகப் பாருங்கள்.

கீழே விரிக்க டைவெக், வீடு கட்டும்போது சுவரைச் சுற்றுவார்களே, அந்தத் தாள். மெஷினில் சோப்பு இல்லாமல் ஒருமுறை அலசினால் மொடமொடப்பு போய்விடும். அதன் மேல் நுரைப் பாய். காற்றடிக்கும் மெத்தையை 'சோயா' (cholla) என்ற முட்கள்ளி இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள், ஒரு முள் போதும். அந்த முள் காலில் ஏறினால் விரலால் தொடாமல் ஒரு தலைசீப்பால் நெம்பி எறியுங்கள்.

முதல் பயணத்துக்கு ஜோஷுவா ட்ரீயின் பாய் ஸ்கவுட் பாதை நல்ல தேர்வு, ஏறக்குறைய 8 மைல். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்குள் போய்விடுங்கள். இரவு தங்க இரண்டு பூங்காக்களிலும் முன்அனுமதி வேண்டும். கிரேட் சாண்ட் டியூன்ஸில் கோடை மதியத்தில் மணல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும், செருப்பு போதாது, ஷூ போடுங்கள். இடம் ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதே நாள் இரவு குளிர் நடுக்கும்.

பிற்சேர்க்கை

படித்தவர்களில் சிலர், கூரைக்குக் கீழே வெளிச்சம் அதிகமாக இருக்கிறது, நிழல் போதவில்லை என்றார்கள். மெல்லிய துணி அப்படித்தான். அடர் நிறம் வாங்கினால் கொஞ்சம் குறையும். அதைவிட, அலுமினியம் பூசிய அவசரகாலப் போர்வை ஒன்றைத் தார்ப்பாய்க்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். நடுவில் காற்று ஓடினால்தான் பலன், இரண்டும் ஒட்டிக்கொண்டால் பாதிதான். காற்றில் சலசலக்கும், தூங்கப் போகும்போது அவிழ்த்துவிடுங்கள்.

துபாயிலிருந்து ஒருவர், காரிலேயே மணல்மேடு வரை போகிறவர்களுக்கு இவ்வளவு தையல் எதற்கு என்று கேட்டார். தேவையில்லைதான். 5 கிலோ பாஸ்மதி அரிசிப் பையில் பாதி அளவு மணல் நிரப்பி, கழுத்தைக் கட்டிப் புதைத்தால் வேலை முடிந்தது. கீறல் மட்டும் அதற்கும் போட வேண்டும்.