துண்டித்த இணைப்புக்கு மூன்று பில்

தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகும் 3 மாதம் பில் வந்துகொண்டே இருந்தது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் இசைதான் கேட்கும். அதுவும் நல்ல இசை இல்லை. ஒவ்வொரு முறையும் புதிய குரலிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பிறகுதான் புத்தி வந்தது. பேசுவதை விட்டுவிட்டு எழுதினேன். என் கடித நகலில் அவர்களே குத்திய தேதி முத்திரை, அதற்குப் பிந்தைய பில்கள், புகார் எண்கள் எல்லாவற்றையும் இணைத்து, நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு ஒரே பக்கக் கடிதம் அனுப்பினேன். கோபத்தைத் தவிர்த்துத் தேதிகளை மட்டும் எழுதினேன். பதில் இல்லை. அதே கடிதத்தையும் இணைப்புகளையும் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகாராகப் பதிவு செய்தேன்.

அடுத்த வாரம் பில் ரத்தானது, வைப்புத்தொகையும் வந்தது. மன்னிப்புக் கடிதத்தில் என் பெயரைத்தான் தப்பாக அடித்திருந்தார்கள்.