மெமரி பிழையை எக்ஸெப்ஷனாகப் பிடிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

எந்த முகவரியையும் காட்டாத நல் பாயிண்டரைத் தொட்டால் சி புரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று சொல்லிவிட்டு நின்றுபோகும். அதே தவறு ஜாவாவில் ஒரு எக்ஸெப்ஷன். பிடித்துவிட்டு மேலே போகலாம். சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்களுக்கு இதைப் பார்த்ததும், இந்தப் பிழைக்கு இயங்குதளம் அனுப்பும் சிக்செக்வி (SIGSEGV) சிக்னலுக்கு ஒரு ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வைத்து அதற்குள்ளிருந்து எக்ஸெப்ஷன் எறிந்தால் என்ன என்று தோன்றும்.

ஜாவா புரோகிராம்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட் விர்ச்சுவல் மெஷின் உள்ளுக்குள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அங்கே ஓடும் மெஷின் கோடை உருவாக்கியதே ஹாட்ஸ்பாட். எந்த இன்ஸ்ட்ரக்ஷனில் சிக்னல் வந்தால் அது நல் பாயிண்டர் பிழை என்று அதன் அட்டவணையில் முன்கூட்டியே குறித்திருக்கும். சி பிளஸ் பிளஸ் கம்பைலர் அப்படி எதையும் குறித்து வைப்பதில்லை. மெமரியிலிருந்து ஒரு மதிப்பைப் படிக்கும் சாதாரண இன்ஸ்ட்ரக்ஷன் எக்ஸெப்ஷன் எறியாது என்று நம்பித்தான் அது வரிகளை இடம் மாற்றுகிறது. ஜிசிசி கம்பைலரில் இப்படி எறிவதற்கென ஓர் ஆப்ஷன் இருக்கிறது. ஆனால் மொழியின் தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. சரி, முன்பு குறித்த இடத்துக்கு நேராகத் தாவும் லாங்ஜம்ப் போட்டு வெளியே குதிக்கலாமே என்றால், வழியில் சுத்தம் செய்ய வேண்டிய டிஸ்ட்ரக்டர்கள் ஓடாது, த்ரெட்டுகளுக்கு இடையிலான பூட்டான மியூடெக்ஸ் பூட்டியபடியே கிடக்கும்.

ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப் போடுவது அடுத்த தவறு. மெமரி ஒதுக்கும் மேலாக் ஃபங்ஷன் உள்ளே ஹீப்பின் பூட்டைப் பிடித்திருக்கும்போது பிழை வந்தது என்று வையுங்கள். ஹேண்ட்லரில் கூப்பிட்ட ஃபங்ஷன் மறுபடி மேலாக்கைக் கூப்பிட்டால், அதே த்ரெட் தன் பூட்டுக்காகத் தானே காத்து நிற்கும். கிராஷ் ஆக வேண்டிய புரோகிராம் அசையாமல் தொங்கும். இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். ரைட் (write) போல, சிக்னலுக்குள் கூப்பிடப் பாதுகாப்பானவை என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை பட்டியலிட்ட ஃபங்ஷன்கள் மட்டும் போதும். ஹேண்ட்லரிலிருந்து சும்மா ரிட்டர்ன் ஆனாலும் தீராது: அதே இன்ஸ்ட்ரக்ஷன் திரும்ப ஓடும், அதே பிழை வரும், முடிவில்லாமல் சுற்றும். ஸ்டாக் நிரம்பி வந்த பிழை என்றால் ஹேண்ட்லர் ஓடவே இடமிருக்காது. சிக்ஆல்ட்ஸ்டாக் மூலம் தனி ஸ்டாக் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பெரிய தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. பிழையைப் பிடித்துவிட்டோம், இனி தொடரலாம் என்று நம்புவது. 10 இடமுள்ள அரேயில் 11-வது இடத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் எந்தச் சிக்னலும் வராது. மெமரிப் பாதுகாப்பு பேஜ் கணக்கில் நடக்கிறது, வழக்கமாக 4096 பைட். உங்கள் அரே எங்கே முடிகிறது என்பது கெர்னலுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த மதிப்பு அழிந்திருக்கும். அது ஒரு பாயிண்டராக இருந்தால், வெகுநேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனில் கிராஷ் வரும். நீங்கள் பிடிப்பது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். அதற்குள் கெட்டுப்போன தரவு டேட்டாபேஸுக்கே போயிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2010-இல் டாட்நெட் 4-இலிருந்து ஆக்சஸ் வயலேஷனை (இதே மெமரிப் பிழைக்கு விண்டோஸில் உள்ள பெயர்) சாதாரண கேட்ச் பிளாக்குக்கு அனுப்பாமல் நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். மிகச் சரியான முடிவு என்பேன்.

விண்டோஸில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் பயன்படுத்துபவர்கள் கம்பைலர் ஆப்ஷனையும் பார்த்துக்கொள்ளுங்கள். இஎச்ஏ (/EHa) போட்டிருந்தால், எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச் பிளாக் ஆக்சஸ் வயலேஷனையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

அப்புறம் என்னதான் செய்வது? ஹேண்ட்லரில் பிழை வந்த முகவரியை எழுதி வையுங்கள், பழைய டிஃபால்ட் ஹேண்ட்லரை மீட்டு வையுங்கள், புரோகிராமைச் சாக விடுங்கள். சாகும்போது இருந்த மெமரியின் நகலான கோர் டம்ப் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உருவாக்கும் கட்டத்தில் மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்தால், அந்த 11-வது இடத்தில் எழுதும் வரியிலேயே நிறுத்திக் காட்டும். வேறொருவர் எழுதிய பிளகின் விழுந்தாலும் சர்வர் நிற்கக் கூடாது என்றால், பிளகினைத் தனி புராசஸில் ஓட்டுங்கள். அது செத்தால் லினக்ஸில் வெயிட்பிட் (waitpid) வழியாக சிக்னல் 11, அதாவது சிக்செக்வி, என்று தாய் புராசஸுக்குத் தெரியவரும். கறைபடாத மெமரியோடு இன்னொன்றைக் கிளப்பிவிடலாம்.