பெல்ட் போட்டும் விழுகிறவர்கள்

போன மாதம் ஒரு மூன்று மாடி வீட்டுக்கு வெளிப்பக்கப் பெயிண்ட் வேலை. புதிதாக வந்த இரண்டு தம்பிகள் சாரத்தில் ஏறிப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு: தலையில் ஹெல்மெட், உடம்பில் பெல்ட், கொக்கியும் மாட்டியிருக்கிறது. எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. நின்ற பலகைக்குப் பக்கத்திலேயே, கால்மாட்டில், சவுக்குக் கம்பில்.

"பெல்ட் போட்டுத்தானே இருக்கேன், அண்ணே" என்றான் ஒருவன். இருபது வருடத்துக்கு முன்னால் என் மேஸ்திரியிடம் நான் சொன்னதும் இதேதான்.

குடித்துவிட்டு ஏறாதே, செருப்போடு ஏறாதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது தெரியாமல் யாரும் விழுவதில்லை. தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கொக்கியைக் கால்மாட்டில் மாட்டுவது

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் இடுப்பில் இருந்தது பழைய இடுப்பு பெல்ட், 6 அடிக் கயிறு. இரண்டாம் மாடி ஜன்னலுக்கு மேலே எட்டி பிரஷ் போடும்போது பலகை புரண்டது. நேராகக் கீழ்மாடி சன்ஷேடில் போய் விழுந்தேன். இரண்டு விலா எலும்பு போனது, நான்கு மாதம் வேலை இல்லை. வலியை விட எனக்கு எரிச்சலாக இருந்தது வேறு. விழுந்து கிடக்கும்போது பார்க்கிறேன், கயிறு என் பக்கத்தில் தொளதொளவென்று கிடக்கிறது. இறுகவே இல்லை.

ஏன் என்று அப்புறம்தான் கணக்குப் போட்டேன். இப்போது வரும் முழு உடல் பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். கயிறு சேரும் வளையம் முதுகில், காலிலிருந்து சுமார் நாலரை அடி உயரத்தில் இருக்கும். கொக்கி பாத மட்டத்தில் இருந்தால், வளையம் முதலில் அந்த நாலரை அடி இறங்கிக் கொக்கிக்கு நேராக வரவேண்டும். அதற்குப் பிறகு 6 அடி கயிறு நீள வேண்டும். ஆக, பத்தரை அடி விழுந்த பிறகுதான் கயிறு இறுகும். என் இடுப்பு பெல்ட்டில் வளையம் ஓரடி தாழ்வாக இருந்தது என்று வைத்தாலும் ஒன்பதரை அடி. நான் நின்ற இடத்திலிருந்து சன்ஷேடு எட்டு அடிதான். கயிறு இறுகுவதற்கு முன்பே சிமெண்ட் என்னைப் பிடித்துவிட்டது.

அதே கொக்கியைத் தலைக்கு மேலே, கை எட்டும் ஏழடியில் மாட்டியிருந்தால்? மூன்றரை அடிக்குள்ளேயே கயிறு இறுகியிருக்கும். கயிறும் அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

கயிற்றோடு ஒரு பை தைத்திருக்கும். அதிர்ச்சியைத் தாங்க அது பிரிந்து நீளும், சில சமயம் ஐந்து அடிக்கு மேலேயே. அதனால் 6 அடிக் கயிறும் பையும் உள்ள பெல்ட்டுக்கு, கொக்கியிலிருந்து கீழே சுமார் 20 அடியாவது எதுவும் இடிக்காத வெட்ட வெளி வேண்டும். முதல் மாடி வேலைக்கு இந்தக் கணக்கு உதைக்கும். அங்கே நீளக் கயிறு வெறும் அலங்காரம்தான்.

சரி, தலைக்கு மேலே எதில் மாட்டுவது? சாரத்தில் மாட்டக் கூடாது. சாரம் சாய்ந்தால் நீங்களும் அதோடு போவீர்கள். ஜன்னல் கிரில், பிவிசி குழாய், ஏசி ஸ்டாண்டு எதுவும் ஆளைத் தாங்காது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பார்க்கக் கெட்டியாகத் தெரியும். பெரும்பாலும் அது உள்ளே கம்பி இல்லாத நாலரை அங்குலச் செங்கல் சுவர்தான். அதைச் சுற்றிக் கயிறு கட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் கத்திவிடுகிறேன்.

நான் செய்வது இதுதான். தண்ணீர்த் தொட்டி நிற்கிற கான்கிரீட் தூணில் தனிக் கயிறு கட்டிச் சுவர் ஓரமாகக் கீழே விடுவேன். கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் நான்காக மடித்த சாக்கு. ஆளுக்கு ஒரு கயிறு. அதில் ரோப் கிராப் ஓடும். கயிற்றில் மேலும் கீழும் நகர்ந்து, விழுந்தால் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கருவி அது, பெல்ட்டின் கொக்கியை அதில்தான் மாட்டுவோம். அதை எப்போதும் தோளுக்கு மேலே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்க விட்டால் பழைய கால்மாட்டுக் கதைதான். தூண் நேர் மேலே இருக்கிறதா என்றும் பார்ப்பேன். பக்கவாட்டில் தள்ளி இருந்தால் விழும்போது ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய்ச் சுவரில் மோதுவோம்.

இதற்கெல்லாம் காலையில் அரை மணி நேரம் போகும். வீட்டுக்காரர் கீழே நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஒற்றைக் கொக்கி

இடம் மாறும்போது கழற்றி மாட்டும் அந்த நொடியில் நீங்கள் பெல்ட் இல்லாத ஆள். இரட்டைக் கொக்கி வாங்குங்கள்.

தொங்குகிறவரை மறப்பது

கயிறு தாங்கிவிட்டது என்று கை தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. தொடைப் பட்டை ரத்த ஓட்டத்தை இறுக்கிவிடும். அசையாமல் தொங்கினால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். எப்படி இறக்குவது என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவைத்திருக்க வேண்டும்.

ஏணி

நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் அடி சுவரிலிருந்து தள்ளி. ஏறி இறங்கும் விளிம்புக்கு மேலே மூன்றடி நீட்டி.

பழைய சிமெண்ட் ஷீட்

மிதிக்காதீர்கள். பலகை போடுங்கள்.

ஒருமுறை தாங்கிய பெல்ட்

பை பிரிந்த பெல்ட்டை அறுத்துப் போட்டுவிடுங்கள். அறுக்காமல் ஷெட் மூலையில் போட்டுவைத்தேன் ஒரு தடவை. அடுத்த வாரம் அதையே மாட்டிக்கொண்டு ஒருவன் மூன்றாம் மாடியில் நின்றான்.