மீத்திறன் கணிமை: ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராதனையிலோ பதுளையிலோ ஆய்வாளர்களுக்கு மீத்திறன் கணினி (supercomputer) பற்றிய செயலமர்வு நடத்த முன்வருபவர்கள், பெரும்பாலும் முதல் மணித்தியாலத்திலேயே தடம் மாறிவிடுகிறார்கள். 1994இல் வெளிவந்த எம்பிஐ (MPI) என்னும் செய்திப் பரிமாற்ற நியமத்தில் தொடங்கி, செயலிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறையைப் பலகையில் வரைந்து, ஒரே வேலையைப் பல செயலிகள் பகிர்ந்து செய்யும் இணைநிலை நிரலாக்கத்தை அடியிலிருந்து கற்பிக்கிறார்கள். எதிரே அமர்ந்திருப்பவரோ தேயிலைச் செடியின் மரபணுத் தரவோடு வந்த உயிரியலாளர். அவர் இணைநிலை நிரல் எதையும் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே உள்ள மென்பொருளைத் தம்மிடமுள்ள இருநூறு மாதிரிகளின்மீது ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு முதலில் காட்ட வேண்டியது வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் (Slurm) மென்பொருளில் உள்ள ‘ஜொப் அரே’ (job array) வசதி. வேலையை அனுப்பும் ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும், இருநூறு மாதிரிகளும் இருநூறு தனி வேலைகளாக வரிசையில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு வேலையும் தனக்குரிய தொடர் இலக்கத்தைக் கொண்டு தன் கோப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு மாதிரியின் விடைக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் எம்பிஐக்கு அங்கே வேலையே இல்லை. செயலமர்வுக்கு வருபவர்களில் பெரும்பாலானோரின் தேவை இந்த வகையைச் சேர்ந்ததே என்பது என் உறுதியான கருத்து. எம்பிஐயை வேண்டியவர்களுக்கு மட்டும் தனியாக, பின்னர் கற்பிக்கலாம்.

அடுத்த தவறு, செயலியின் கணிப்பு அலகுகளான கோர்களை (cores) அதிகமாகக் கேட்டால் அதே அளவுக்கு வேகமும் கூடும் என்ற எண்ணத்தைத் திருத்தாமல் விடுவது. ஜீன் அம்தால் 1967இல் எடுத்துக்காட்டிய வரம்பு இங்கே இன்றியமையாதது. ஒரு நிரலின் ஓட்ட நேரத்தில் 95 சதவீதத்தைப் பகிர்ந்து செய்ய முடியும் என்று வைத்துக்கொண்டால், 16 கோர்களில் அது ஏறத்தாழ 9 மடங்கும் 64 கோர்களில் ஏறத்தாழ 15 மடங்கும் வேகமடையும். எத்தனை ஆயிரம் கோர்களைக் கொடுத்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. இதைச் சூத்திரமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவதால் பயனில்லை. பயிலுநர் தம் சொந்த நிரலை 1, 2, 4, 8, 16 கோர்களில் ஓட்டி, நேரத்தைக் குறித்து, வரைபடம் வரைய வேண்டும். கோடு எங்கே சாய்கிறது என்று கண்ணால் கண்டவர், 32 கோர்களைக் கேட்டு 31ஐச் சும்மா வைத்திருக்க மாட்டார்.

மாதிரிப் பயிற்சிகளைக் கடன் வாங்குவதும் தவறே. வேறெங்கோ தயாரித்த சிறு எடுத்துக்காட்டு இரண்டு நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். பயிலுநரின் உண்மையான சிக்கல் அதில் தலைகாட்டவே செய்யாது. மலையகத்தின் மழையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன் பக்கச் சரிவுகளை நனைக்கும் காலத்தில் மலைமுகட்டுக்கு அப்பால் ஊவாப் பக்கம் ஒப்பீட்டளவில் வறண்டிருக்கும். டபிள்யூஆர்எஃப் (WRF) என்ற வானிலைக் கணிப்பு மாதிரியை 9 கிலோமீற்றர் கட்டங்களில் ஓட்டினால், முகடும் பள்ளத்தாக்கும் மழுங்கி இந்த வேறுபாடு மங்கிவிடும். எனவே மாணவர் 3 கிலோமீற்றருக்கு இறங்க விரும்புவார். அதே பரப்புக்குக் கட்டங்கள் 9 மடங்காகும். ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான கால அடியையும் மூன்றில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். ஆகக் கணிப்பு வேலை 27 மடங்கு. இந்தக் கணக்கை வேலையை அனுப்புவதற்கு முன்னரே அவரோடு சேர்ந்து தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். இல்லையேல், கேட்ட நேர எல்லை தீர்ந்ததும் ஸ்லர்ம் வேலையை நிறுத்திவிடும். இடையிடையே மீள்தொடக்கக் கோப்புகளை எழுதும்படி மாதிரியை அமைக்கத் தெரியாதவருக்கு, அதுவரை ஓடிய அத்தனையும் வீண். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன் குடியிருப்புகளை மூடிய பின், மழையையும் சரிவையும் கணித்துப் பார்க்க விரும்பும் மலையக மாணவருக்கு இந்தத் திறமை வெறும் சான்றிதழுக்கானது அல்ல.

சில பழக்கங்களை முதல் நாளிலேயே ஊட்டிவிட வேண்டும். உள்நுழையும் கணினியில் கனமான வேலையை ஓட்டக்கூடாது; அது எல்லோருக்கும் பொதுவானது. மென்பொருள்களை நிறுவ உதவும் கொண்டா (conda) கருவியின் சூழல்களை ஆளுக்கு ஐந்தாறு என்று நிறுவினால், இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்து பகிர்ந்த சேமிப்பகத்தைத் திணறடிக்கும். மழைநாளில் தோட்டத்து வீட்டிலிருந்து கைப்பேசி இணைப்பில் வேலை செய்பவருக்கு டீமக்ஸ் (tmux) என்ற மென்பொருளை அறிமுகப்படுத்தாமல் விடவே கூடாது. இணைப்பு அறுந்தாலும் அமர்வு அங்கே அப்படியே இருக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்தரம் வரை தமிழ்மூலம் படித்த ஒருவருக்கு முழு விளக்கத்தையும் ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்துவிட்டு, “கேள்விகள் உண்டா?” என்று கேட்டால் அறை அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியைப் புரிதல் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. கட்டளைகள் உள்ளபடியே இருக்கட்டும். பிழைச் செய்திகளைத் தமிழில் உட்கார்ந்து பிரித்துக் காட்ட வேண்டும். பதிவுக் கோப்பின் கடைசி வரியில் ‘கில்ட்’ (Killed, அதாவது வேலை நிறுத்தப்பட்டது) என்ற ஒற்றைச் சொல்லைக் கண்டதும், தம் தரவுதான் பழுது என்று நினைத்து நாள்கணக்கில் அதைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பல வேளைகளில், கேட்ட நினைவகம் போதாமல் போனதே காரணம். ஸ்லர்மில் வேலை விவரங்களைக் காட்டும் சாக்ட் (sacct) கட்டளையில் அந்த வேலையின் நிலையையும் அது எட்டிய உச்ச நினைவகத்தையும் பார்த்து, கோரிக்கையைச் சற்று உயர்த்தி மீண்டும் அனுப்பினால் தீர்ந்தது.

இரண்டு நாள் செயலமர்வோடு கணக்கையும் மூடிவிடுவது, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பயனைக் கெடுத்துவிடும். உண்மையான ஐயங்கள் மூன்றாவது வாரத்தில்தான், சொந்தத் தரவு முதன்முறை முரண்டு பிடிக்கும்போதுதான் எழும். பயிலுநர்களின் கணக்குகளை ஆறு மாதமாவது திறந்து வைத்து, இரு வாரத்துக்கொரு முறை ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, ஓடாத வேலையின் ஸ்கிரிப்டையும் பதிவுக் கோப்பையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.