ஏர் ரைபிளுக்கு பெல்லட் பொறுக்கி எடுக்கறது எப்படி

வெளிநாட்டுல வீட்டுலயே வெடிமருந்து அளந்து போட்டு ரைபிள் தோட்டா செய்யற வீடியோவ பாத்துட்டு நம்ம கிருஷ்ணகிரி பசங்க ரெண்டு மூணு பேரு எங்கிட்ட கேட்டாங்க, அண்ணே நம்மளும் செஞ்சு பாக்கலாமான்னு. வேண்டாம் தம்பி. லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யறது 1959 ஆயுதச் சட்டப்படி குத்தம், ஜாமீன் கேட்டு அலையறது வீட்டுல இருக்கறவங்கதான். ஆனா அவங்க அவ்வளவு மெனக்கெடறது எதுக்குன்னா, ஒரு குண்டு மாதிரியே அடுத்த குண்டும் போகணும்னுதான். அப்படி ஒரே மாதிரி போக வைக்கறத, பெல்லட்ட (ஏர் ரைபிள்ல போடற சின்ன ஈயக் குண்டு) பொறுக்கி எடுத்து 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள்லயும் பண்ணலாம், குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூல் தாண்டாத வரைக்கும் அந்த ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்ல. குருவி, மயில், முயல் பக்கம் மட்டும் திருப்பாதீங்க, அது வேற கேஸு.

10 மீட்டர் டார்கெட்டுல நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். பெல்லட்டோட நடு, புள்ளியோட நடுவுல இருந்து 2.5 மில்லிமீட்டர் தள்ளிப் போனா 10.0 மார்க், கால் மில்லிமீட்டருக்குள்ள விழுந்தா 10.9, மொத்த வித்தியாசமே அவ்வளவுதான். எங்க அண்ணன் பொண்ணு ஒரு மாசமா 10 அடிக்க முடியாம தவிச்சா, பிடி சரியில்ல மூச்சு சரியில்லன்னு நானே அவள திட்டிட்டு இருந்தேன். அப்புறம் டப்பாவ திருப்பி பாத்தா கம்பெனி அதேதான், ஆனா லாட் நம்பர் (எந்த தடவ செஞ்ச சரக்குன்னு காட்டற நம்பர்) வேற, கடையில எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லி குடுத்து விட்டுருக்காங்க. பழைய லாட் ஒரு டப்பா மிச்சம் இருந்துச்சு, அத போட்டதும் குரூப், அதாவது ஓட்டைங்க சிதறி விழற அகலம், திரும்ப சுருங்கிடுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல.

அதனால முதல்ல விலைய பாக்காதீங்க, உங்க ரைபிளோட பேரலுக்கு (குழாய்க்கு) எது பிடிக்குதுன்னு பாருங்க. போட்டிக்குன்னு செய்யற தட்டைத் தலை மேட்ச் பெல்லட்ல 4.49, 4.50, 4.51னு தலை சைஸ் வரும், மூணுலயும் ஒவ்வொரு டப்பா வாங்குங்க, எடை ரைபிளுக்கு 0.53 கிராம்தான் வழக்கம். சீசன் முடிஞ்சதும் எங்க மாங்கா ஷெட்டு காலியா கிடக்கும், காத்து அடிக்காது, அங்கதான் மேஜை போட்டு மணல் மூட்டை மேல ரைபிள வச்சு அடிப்போம். ஸ்பிரிங் ரைபிளா இருந்தா மூட்டை மேல நேரா அழுத்தி வைக்காதீங்க, கைய மூட்டை மேல வச்சு உள்ளங்கையில ரைபிள லேசா தாங்கி விடுங்க, இல்லன்னா உதறி வேற பக்கம் போகும். பேரல் துடைச்சிருந்தா முதல் 20 குண்டு கணக்குல சேராது. பிசிபி ரைபிள்னா (முன்னாடியே அடைச்சு வச்ச காத்துல சுடறது) எல்லா டப்பாவையும் ஒரே பிரஷர்ல டெஸ்ட் பண்ணுங்க. கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போடாம அடிக்கவே கூடாது, பின்னாடி வெறும் இரும்புத் தகடு வச்சா குண்டு திரும்பி வரும், பழைய துணி இறுக்கி அடைச்ச பெட்டி வைங்க.

ஒவ்வொரு சைஸ்லயும் 10 குண்டு ஒரே கார்டுல, அது மாதிரி மூணு கார்டு. 5 குண்டு அடிச்சுட்டு முடிவு பண்ணாதீங்க, அதிர்ஷ்டத்துல கூட 5 குண்டு ஒண்ணா விழும். ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தள்ளி இருக்கற ரெண்டு ஓட்டையோட வெளி விளிம்ப வெர்னியர்ல அளந்து 4.5 கழிச்சா குரூப் சைஸ்.

குரூப் சின்னதா வர்ற தலை சைஸ் முடிவானதும் பொறுக்கற வேலை. ஒவ்வொண்ணா வெளிச்சத்துல திருப்பி ஸ்கர்ட்ட (பெல்லட்டோட விரிஞ்ச பின்பக்கத்த) பாருங்க, பின்பக்க வட்டம் நெளிஞ்சிருந்தா அங்க மட்டும் பளிச்சுன்னு வெட்டும், அத தனியா போட்டுடுங்க. அடுத்தது கண்ணாடி. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒண்ண ஒரு பக்கம் தீப்பெட்டி வச்சு சாய்ச்சு, ஒரே இடத்துல இருந்து பெல்லட்ட உருட்டி விடுங்க, வாய் அகலமான டம்ளர உருட்டினா வளைஞ்சு ஓடுமே அதே மாதிரி ஓடும், தலை அளவும் ஸ்கர்ட் அளவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற பெல்லட்டெல்லாம் ஒரே இடத்துல போய் நிக்கும், மத்தது விலகிடும். நான் ரொம்ப நம்பறது இததான், ராத்திரி சாப்பிட்டு உக்காந்தா 200 பெல்லட் முடிஞ்சிடும். எடை பாக்கணும்னா நகை எடை போடற மில்லிகிராம் தராசு போதும், ஆனா நல்ல மேட்ச் பெல்லட்ல எடை பிரிச்சு பெருசா ஒண்ணும் மாறினத நான் பாக்கல, சாதா பெல்லட்ல மாறுது.

பெல்லட்டுக்கு எண்ணெய் தடவாதீங்க, ஸ்பிரிங் ரைபிள்ல எண்ணெய் உள்ள போய் பத்திக்கும், வேகம் குண்டுக்கு குண்டு மாறும். ஈயத் தூள் போக சோப்பு தண்ணில அலசி துணில காய வைங்க, சமையல் பாத்திரத்துல வேண்டாம், பெல்லட் தொட்ட கையோட எதையும் சாப்பிடாதீங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

ஒரு லாட் நல்லா விழுந்தா அன்னிக்கே அந்த நம்பர சொல்லி 5, 6 டப்பா வாங்கி வச்சுக்கோங்க. அடுத்த தடவ அது கிடைக்காது, கிடைச்சதுன்னு வேற லாட் எடுத்துட்டு வந்தா மறுபடி மணல் மூட்டைல இருந்து ஆரம்பிக்கணும்.