ஜெபம் முடிந்த அடுத்த நிமிடம்: கிறிஸ்தவ வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்க்கானாவின் வீட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. வருஷந்தோறும் குடும்பமாகச் சீலோவுக்குப் போவார்கள், தொழுவார்கள், பலியிடுவார்கள், கூடி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 1 சாமுவேல் முதல் அதிகாரம் இதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறது. எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பிள்ளையில்லாத அன்னாளை, பிள்ளைகள் பெற்ற பெனின்னாள் குத்திக்குத்திப் பேசியதும் அந்தப் பயணங்களில்தான். அதுவும் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. அன்னாள் அழுதுகொண்டு சாப்பிடாமல் இருப்பாள்.

நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி வேதத்தில் இல்லை என்று நினைக்கிறேன். குடும்ப ஜெபம் இல்லாத வீடுகளைப் பற்றியே பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். ஆனால் பல வீடுகளில் ஜெபம் உண்டு, பாட்டு உண்டு, மனப்பாட வசனமும் உண்டு. முழங்காலிலிருந்து எழுந்த பிறகு வருகிற முதல் பேச்சில்தான் கோளாறு. பிள்ளைகள் அந்த ஜெபத்தையும் அந்தப் பேச்சையும் ஒன்றாகவே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஜெபத்துக்குள்ளேயே திட்டுவது

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிகிற மனதைத் தாரும். எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறான். நீரே அவனோடு பேசும்." கேட்க ஜெபம் மாதிரி இருக்கிறது, ஆனால் பேசப்படுவது பிள்ளையிடம். அவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான், பதில் சொல்ல முடியாது, சொன்னால் ஜெபத்தைக் குலைத்தவன் ஆவான். நேருக்கு நேர் திட்டினாலாவது ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல இடமுண்டு.

கணவன் மனைவிக்குள்ளும் இது நடக்கும். காலையில் நடந்த சண்டைக்குத் தீர்ப்பு இரவு ஜெபத்தில் வரும், ஒருவர் வாயிலிருந்து மட்டும். நானும் செய்திருக்கிறேன். ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது எதிரே இருந்த முகத்தைப் பார்த்துத்தான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒருவருடைய குறையைப் பற்றி அவரோடு இன்னும் பேசவில்லை என்றால், அதை அவர் காதில் விழும்படி ஜெபிக்காதீர்கள். "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால்" தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்து என்று மத்தேயு 18:15 சொல்கிறது. அந்தத் தனிமை வீட்டாருக்கும் உரியது. சபையில் ஜெபக்குறிப்பு கொடுக்கும்போதும் இதே கவனம் தேவை. மகனுடைய பலவீனமோ மருமகளுடைய கோபமோ ஜெபக்குறிப்பாக வெளியே போனால், இரண்டு வாரத்தில் அது செய்தியாகத் திரும்பி வீட்டுக்கே வந்து சேரும். பெயரையும் விவரத்தையும் சொல்லாமல் "எங்கள் வீட்டுக்காக ஜெபியுங்கள்" என்றாலே போதும்.

பண்டிகை நாளில் கேட்கக்கூடாத கேள்விகள்

பெனின்னாள் சாதாரண நாட்களில் எப்படி நடந்துகொண்டாள் என்று வேதம் சொல்லவில்லை. எல்லாரும் கூடுகிற நாளைத்தான் குறிப்பிடுகிறது. குடும்பம் கூடும்போதுதான் யாருக்கு எது இல்லை என்பது கண்ணில் படும். பந்தியில் பெனின்னாளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பங்கு பங்காகப் போகிறது. அன்னாளுக்கோ பிள்ளைகளுக்கென்று வாங்க ஒன்றுமில்லை. அவளை நேசித்த எல்க்கானா அவளுக்கு இரட்டிப்பான பங்கு கொடுத்தான். அது பெனின்னாளின் நாக்கை இன்னும் கூர்மையாக்கியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

கிறிஸ்துமஸ், ஈஸ்டர், திருமண நாள், ஞானஸ்நான ஆராதனை என்று உறவினர் கூடும்போது சில கேள்விகளை வாசலிலேயே விட்டுவிடலாம். கல்யாணம் எப்போது, குழந்தை ஏன் இன்னும் இல்லை, வேலை கிடைத்ததா, உன் தம்பிக்கு எவ்வளவு சம்பளம், ஏன் சபைக்கு வருவதில்லை. அக்கறையோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் பத்துப் பேர் நடுவில் கேட்டால் அந்த அக்கறை போய்ச் சேராது, கேள்வி மட்டும் தைத்து நிற்கும். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினால் தனியாக அழைத்து, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சொல்ல விரும்புவதை அவர்களே சொல்வார்கள்.

ஒப்பிட்டுப் பேசுவதும் இந்த வகைதான். இரட்டைப் பிள்ளைகளில் தகப்பன் ஈசாக்கு ஏசாவை நேசித்தான், தாய் ரெபெக்காள் யாக்கோபை நேசித்தாள். அந்த வீடு உடைந்தது. அந்தக் காயத்தை அனுபவித்த யாக்கோபே பிறகு தன் மகன்களில் யோசேப்புக்கு மட்டும் பலவருணமான அங்கியைச் செய்து கொடுத்தான். தான் வாங்கிய அடியையே பிள்ளைகளுக்கும் சொத்தாக எழுதிவைக்கிற பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள்.

ஆலயத்துக்குக் கிளம்புகிற அவசரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யோசேப்பு தன் சகோதரரை அனுப்பும்போது, "நீங்கள் போகும்வழியிலே சண்டைபண்ணிக்கொள்ளாதிருங்கள்" என்றான். ஞாயிறு காலை சட்டைக்கும் செருப்புக்கும் கத்திவிட்டு, ஆலய வாசலில் சிரித்துக் கைகுலுக்குவதைப் பிள்ளைகள் பின்னாலிருந்து பார்க்கிறார்கள். சனிக்கிழமை இரவே உடைகளை எடுத்து வைப்பது சின்ன காரியம். கால் மணி நேரம் தாமதமாகப் போனாலும் சத்தமில்லாமல் போவது மேல்.

பிள்ளையின் கேள்விக்குப் பதில் இல்லாத வழக்கம்

வேதத்தில் குடும்ப வழக்கங்கள் பெரும்பாலும் ஒரு குழந்தையின் கேள்வியோடு வருகின்றன. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஏற்படுத்தும்போதே, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்பார்கள், இப்படிப் பதில் சொல்லுங்கள் என்கிறது யாத்திராகமம் 12. இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்தபோது அதிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களும் அப்படித்தான். பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்கும்போது கதை சொல்வதற்காகவே அவை வைக்கப்பட்டன. 1529-ல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசமும் குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக் கொடுப்பதற்காக, "இதன் பொருள் என்ன?" என்று கேட்டுக் கேட்டுத்தான் நகர்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்பு வாரங்களான அட்வென்டில் இன்று பல சபைகளில் ஏற்றப்படும் மெழுகுவர்த்தி வளையத்தின் தொடக்கம் 1839. ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய போதகர் யோஹான் வீஹெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். அந்தக் கேள்விக்கு எரிச்சல்பட்டிருந்தால் அந்த வழக்கமே பிறந்திருக்காது.

ஆகவே "கேள்வி கேட்காதே, செய்" என்பது வழக்கத்தைக் காப்பாற்றுகிற பதில் ஆகாது. ஏன் உபவாசம், ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து ஏன் நாற்பது நாள் என்று பிள்ளை கேட்டால் சொல்லுங்கள். அவன் காலண்டரை எடுத்து எண்ணி, லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாள் வருகிறதே என்பான். நல்ல கேள்வி அது. நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளும் உயிர்த்தெழுதலின் நாட்கள் என்பதால் அவற்றை உபவாசக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சொல்லிக்கொடுக்கலாம். உங்களுக்கே பதில் தெரியாவிட்டால், "தெரியவில்லை, சேர்ந்து தேடலாம்" என்று சொல்வதில் மரியாதை ஒன்றும் குறையாது.

குடும்ப ஜெபத்தின் நீளத்திலும் கவனம் வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பத்து நிமிடம் போதும். ஒரு பாட்டு, சில வசனங்கள், ஆளுக்கொரு நன்றி. தூங்கி விழுகிற பிள்ளையை உலுக்கி எழுப்பி உட்கார வைத்தால், அவன் ஜெபத்தைக் கற்றுக்கொள்வதில்லை.

இரண்டு வீட்டு வழக்கங்கள் ஒரே வீட்டில் சேரும்போது வேறொரு தவறு வரும். என் வழக்கம் பக்தி, உன் வழக்கம் வெறும் சடங்கு என்று பேசுவது. ஒருவர் லெந்து அனுசரிக்கிற சபையிலிருந்து வருவார், மற்றவர் அப்படி ஒன்றும் இல்லாத சபையிலிருந்து வருவார். பெரும்பாலான சபைகள் டிசம்பர் 25-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகின்றன. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அங்கே அது ஜனவரி 7-ல் வருகிறது. ஆர்மீனிய அப்போஸ்தல சபைக்கு ஜனவரி 6. கிறிஸ்துமஸையே அனுசரிக்காத சபைகளும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்டுகள் 1659-ல் அதைச் சட்டம் போட்டே தடுத்தார்கள், 1681 வரை. இந்த வேறுபாடுகள் எல்லாம் வருவதற்கு முன்பே ரோமர் 14:5 எழுதப்பட்டுவிட்டது: "அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்." மாமியார் வீட்டு வழக்கத்தைப் பற்றிப் பேசும்முன் ஒருமுறை அந்த அதிகாரத்தைப் படித்துவிடலாம்.

அடுத்தவருக்கு எழுதிய வசனத்தை எடுத்து வீசுவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். எபேசியர் 5, 6 அதிகாரங்களில் பவுல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறார். மனைவிகளே, புருஷர்களே, பிள்ளைகளே, பிதாக்களே. வீட்டில் நடப்பது என்ன? கீழ்ப்படியுங்கள் என்கிற 5:22-ஐக் கணவன் மனைவிக்குச் சொல்கிறான். நேசியுங்கள் என்கிற 5:25-ஐ மனைவி கணவனுக்குத் திருப்பிச் சொல்கிறாள். பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற 6:1-ஐ அப்பா மகனுக்குச் சொல்கிறார். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிற 6:4-ஐ வளர்ந்த மகன் மனதுக்குள் அப்பாவுக்குச் சொல்லிக்கொள்கிறான். தன் பெயர் போட்டு வந்த கடிதத்தை மட்டும் ஒருவரும் பிரிப்பதில்லை.

அந்தப் பகுதியை 21-ஆம் வசனத்திலிருந்து படிக்க வேண்டும்: "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்தில் "கீழ்ப்படியுங்கள்" என்ற வினைச்சொல்லே இல்லை. அதை 21-லிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மனைவிகளுக்கு 22 முதல் 24 வரை மூன்று வசனங்கள். அங்கிருந்து 33 வரை ஏறக்குறைய முழுவதும் புருஷர்களிடம், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்தது போல நேசிக்கச் சொல்கிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பிதாக்களுக்குச் சொன்ன பவுல், கொலோசெயர் 3:21-ல் காரணத்தையும் சேர்க்கிறார்: "உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி." எப்போதும் குறை கேட்டு வளர்கிற பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் முயற்சி செய்யவே தோன்றாது. அந்த நிலைக்குப் பவுல் வைத்த பெயர் அது.

துக்க வீட்டிலும் வசனத்தை அவசரமாக எடுக்காதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அதுதான். வாய் திறந்த பிறகுதான் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர், அதாவது ஆறுதல் என்று தொல்லை தருகிறவர்கள் ஆனார்கள். "எல்லாம் நன்மைக்கே" என்பதை இழந்தவர் சொல்லலாம். வந்தவர் சொல்ல வேண்டாம்.

அன்பு என்ற பெயரில் வாயை அடைப்பது

இனிமையாகப் பேசுவதும் உண்மையை மறைப்பதும் வேறு வேறு. அடியும் மிரட்டலும் நடக்கிற வீட்டிலிருந்து ஒருவர் துணிந்து வந்து சொல்லும்போது, "பொறுத்துக்கொள், ஜெபி, சாட்சி கெட்டுப்போகும்" என்று திருப்பி அனுப்புவது பெரிய தவறு. அவரை முதலில் பாதுகாப்பான இடத்தில் இருத்துங்கள். மருத்துவரோ காவல்துறையோ தேவைப்பட்டால் கூடவே போங்கள். குழந்தை சொன்னால், நம்புகிறேன் என்று சொல்லுங்கள். சமரசப் பேச்சுக்கு அங்கே அவசரம் இல்லை.

ஊழியத்தைக் காரணம் காட்டிப் பெற்றோரை விடுவதும் இதற்குப் பக்கத்தில் வரும். காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தவிர்த்தவர்களிடம், உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு சொன்னது மாற்கு 7-ல் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் இருப்பது

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற வசனத்தை, இரவு எத்தனை மணியானாலும் சண்டையைப் பேசித் தீர்த்துவிட்டே படுக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, களைத்த நேரத்தில் இன்னும் கெட்டுப்போகப் பேசுகிறவர்கள் உண்டு. தணிய வேண்டியது எரிச்சல். காரியத்தை நாளை காலை பேசலாம். "கோபம் இல்லை, தூங்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்பது இதைவிடக் கடினம். கேட்கும்போது "நான் கத்தினது தப்பு" என்பதோடு நிறுத்த வேண்டும். "ஆனால் நீயும்..." என்று தொடங்கினால் அது மன்னிப்பாக இருக்காது.

ஆசாரியன் ஏலி இதில் எனக்குப் பிடித்த மனிதர். சீலோவில் அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொண்டார். ஏற்கனவே வீட்டாரின் பேச்சில் நொந்து வந்தவளுக்கு ஆலயத்திலும் அதுவே கிடைத்தது. அவள், "அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று விளக்கினாள். ஏலி தன் பேச்சை நியாயப்படுத்தவில்லை. முதியவர், ஆசாரியன், அவரால் முடிந்திருக்கும். அவள் சொன்னதைக் கேட்டார், உடனே பேச்சை மாற்றினார்: "சமாதானத்துடனே போ." அப்போது சாமுவேல் இன்னும் பிறக்கவில்லை, பெனின்னாளும் மாறவில்லை. அன்னாள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.