காற்றின் வெப்பநிலை சட்டென மாறினால் ஒளியிழையால் பிடிப்பது எப்படி?

கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்தில் 3 மிமீ உறையிட்ட தெர்மோகப்பிளை (இரு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பநிலை உணரி) ஹேர் டிரையர் முன் பிடித்தேன். காற்று மாறி முடிந்த பிறகுதான் அது கண் விழித்தது. அதனால் 125 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒளியிழைக்கு, அதாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக்கு, மாறினேன். மெல்லிய பொருள் சீக்கிரம் சூடாகும், அவ்வளவுதான்.

பிராக் கீற்றணி (ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்கோடுகள்) எழுதிய இழையை ஆயத்தமாகவே வாங்குங்கள். 1550 நானோமீட்டர் அருகே அது தெறிக்கவிடும் அலைநீளம், டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும். இழைமேல் வரும் அக்ரிலேட் பூச்சு 85 டிகிரிக்கு மேல் தாங்காது, அதைவிட வெப்பம் தாங்கும் பாலிஇமைடு பூச்சையே கேளுங்கள். பூச்சை உரித்தால் இன்னும் வேகம். ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் வெறுங்கண்ணாடி சீக்கிரம் பலமிழக்கும். உடைந்த துண்டுகளை மூடியுள்ள போத்தலில் போடுங்கள்.

இனி என் தலையைச் சுற்ற வைத்த இடம். இழையின் இரு முனைகளையும் அலுமினியத் தகட்டில் சூப்பர் குளூவால் ஒட்டினேன். டிரையரை அணைத்தும் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. கருவி பழுது என்று இரண்டு நாள் அதையே திட்டினேன். உண்மையில் தகடு மெதுவாகச் சூடாகி இழையை இழுத்திருக்கிறது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு, விரியும். இழைக்கு அது சுமார் 27 பிக்கோமீட்டர், அதாவது இரண்டரை டிகிரிக்கும் மேல் பொய்.

தீர்வு: ஒரு முனை சும்மா நிற்கட்டும். வெள்ளவத்தை மருந்துக்கடையில் வாங்கிய 21 கேஜ் ஊசியின் கூர்முனையை அரத்தால் தேய்த்து நீக்கி, உள்ளே இழையைச் செலுத்தினேன். பின்பக்கம் மட்டும் ஒட்டு, கீற்றணி முழுதும் வெளியே. கடைசி நுனியைச் சரிவாக உடையுங்கள், இல்லையென்றால் அங்கிருந்து திரும்பும் ஒளி, கீற்றணி தெறிக்கவிடும் ஒளியின் உச்சத்தைக் குழப்பும்.

சோதிக்க டிரையரைப் போட்டு அணைக்காதீர்கள், அதன் கம்பிச்சுருளே மெதுவாகத்தான் சூடாகும். ஓடவிட்டு, முன்னால் அட்டையை வைத்துச் சட்டென விலக்குங்கள். மொத்த ஏற்றத்தில் 63 சதவீதத்தை எட்டும் நேரம்தான் உங்கள் உணரியின் வேகத்தைச் சொல்லும் எண். நொடிக்கு ஒரு தடவை பதியும் கருவியை நான் தொடமாட்டேன், 100 தடவையாவது வேண்டும்.

பின்சேர்க்கை: "மூடிய பெட்டிக்குள் வைத்தால் மந்தமாக இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அசையாத காற்று இழைக்கு வெப்பத்தை மெதுவாகத்தான் கொடுக்கும். அளக்கப்போகும் காற்றோட்டத்திலேயே வேகத்தைச் சோதியுங்கள். இன்னும் மெல்லியதாக்க ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் அரிக்கலாமா என்றும் கேட்டார். வீட்டில் வேண்டவே வேண்டாம், அது தோல் வழியாக எலும்புவரை போகும்.